ஈசிஜி அக்காவின் நெஞ்சுக்கு ஒரு சோடா

அந்தக் கிளினிக்கில் அவளுக்கு ஈசிஜி அக்கா என்றுதான் பேர். பத்தொன்பது வருஷமாக ஊரார் மார்பில் கப்பு ஒட்டி, கைகாலில் கிளிப்பு மாட்டி, தாள் கிழித்துக் கொடுக்கிறாள். யார் நெஞ்சு எப்படித் துடிக்கிறது என்பது டாக்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு மாதமாக அவள் நெஞ்சே திடீரென்று தாறுமாறாக அடித்துக்கொண்டது. பத்து நிமிஷத்தில் அடங்கிவிடும். மூன்று முறை டாக்டரிடம் சொன்னாள். மூன்று முறையும் அடங்கிய பிறகுதான் தாள் எடுத்தார்கள். கோடு நல்ல பிள்ளையாக ஓடியது.

"வயித்துல கேஸ்தாம்மா. நேரத்துக்குச் சாப்பிடு, சோடா குடி" என்றவர், அதையே அவள் ஃபைலிலும் எழுதி வைத்தார்.

வீட்டுக்காரரும் அதே பாட்டு: "டாக்டரே சொல்லிட்டாரு. நீ என்ன அவரைவிடப் பெரிய ஆளா?"

இத்தனைக்கும் போன சனிக்கிழமை நர்சுகளைக் கூட்டி வைத்து அரைமணி நேரம் பாடம் எடுத்தவர் அதே மகானுபாவர்தான். "நான் சொல்றது வயித்துக் காத்து இல்ல. ரத்தக்குழாயும் இதயமுமே துளித்துளியா சில வாயுக்களை உண்டாக்குது. நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. துடிப்பு சீரா போறதுலயும் தடுமாறுறதுலயும் அதுக்கெல்லாம் பங்கு இருக்கு. இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்காங்க."

கண்ணுக்கே தெரியாத துளிக்கு அத்தனை மரியாதை! எதிரே உட்கார்ந்து பாடம் கேட்ட இவள் நெஞ்சுக்கு மட்டும் ஒரு சோடா. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம், மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மறுபடி ஆரம்பித்தது. அறையில் யாரும் இல்லை. 'இன்னைக்கு விட்டேனா பார்!' கதவைச் சாத்தினாள். தானே ஜெல் தடவி, கப்பு ஒட்டி, கிளிப்பு மாட்டி, பட்டனைத் தட்டிவிட்டு அசையாமல் படுத்தாள்.

தாளில் கூர்முனைகள் ஒன்று நெருக்கியும் ஒன்று தள்ளியும் விழுந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இருக்க வேண்டிய சின்ன மேட்டைக் காணோம். அப்படி வந்தால் என்ன நோய் என்று அவளுக்குத் தெரியும். பயத்தைக் கோபம் முந்திக்கொண்டது.

பேர் எழுதாமலே தாளை டாக்டர் மேஜையில் வைத்தாள்.

அவர் நிமிர்ந்தார். "ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்! இதயத்தோட மேலறை ஒழுங்கா துடிக்காம நடுங்குது. யாரு பேஷண்ட்? முதல்ல படுக்க வைங்க. இப்படியே விட்டா ரத்தம் கட்டி மூளைக்குப் போயிடும்."

"நான்தான் டாக்டர்."

அவர் முகம் வெளுத்தது. "என்னம்மா இது! முன்னாடியே சொல்ல வேண்டாமா?"

அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"மூணு தடவை சொன்னேன். ஃபைல்ல சோடான்னு எழுதியிருக்கீங்க. அதை அடிச்சிடாதீங்க டாக்டர். இந்தத் தாளை அதுக்குப் பக்கத்துலயே ஒட்டுங்க."