பாடியவர்: சான்று தேவை

குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. சாரல் காலத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் ஈ ஓட்டலாம். அந்த மாதங்களில்தான் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதப் பழகினேன். சம்பளம் கிடையாது, யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவும் இல்லை. நாமாகப் போய் எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம், அழிக்கலாம். எழுதுவதைவிட அழிப்பதில்தான் சுகம் என்று சீக்கிரமே கண்டுகொண்டேன். சான்று இல்லாத வரி எதைப் பார்த்தாலும் வெட்டினேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் ஓயாமல் ஒலித்த கேசட் ஒன்று உண்டு. எட்டு இஸ்லாமியப் பாடல்கள், தென்காசியிலேயே பதிவு செய்தவை. அட்டையில் ஓர் ஆண் பாடகரின் பெயர், அதன் கீழே 'குழுவினர்', அவ்வளவுதான். ஆனால் மூன்று பாட்டு முழுக்க ஒரு பெண் குரல். அந்தக் கேசட்டுக்குக் கட்டுரை தொடங்கியவன் நான். ஒவ்வொரு பாட்டின் நீளத்தையும் செல்போனில் அளந்து, நிமிடமும் நொடியுமாகப் போட்டேன். அந்தப் பெண் குரல் சென்னையில் இருக்கும் ஒரு பின்னணிப் பாடகியுடையது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை எழுதிவிட்டேன். ஊர் முழுக்கச் சான்று கேட்டவன், என்னிடம் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாளிதழின் இணைப்பிதழில் பழைய கேசட்டுகளைப் பற்றி ஒரு பக்கம் வந்தது. அதில் என் வாக்கியம், ஒரு சொல் மாறாமல். என்னைப் போல் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிற இன்னொரு தொகுப்பாளர் அந்த நாளிதழையே கொண்டுவந்து என் வரிக்குச் சான்றாகக் கட்டினார். அன்றைக்கு எனக்குச் சந்தோஷம். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அப்புறம் துபாயிலிருந்து ஒருவர் செய்தி அனுப்பினார். "அந்த மூணு பாட்டும் பாடுனது எங்க உம்மா. கூட வேல பாக்கவன்ட்ட சொன்னா, ஒங்க கட்டுரையக் காட்டி, ஒன் உம்மா கத விடுதாவன்னு சிரிக்கானுவ."

தாயார் இருப்பது தென்காசியில். மறுநாளே போனேன். அறுபதைத் தாண்டியவர், அக்கா என்று அழைத்தேன். ஒரு புகைப்படம் காட்டினார். ஒல்லியாக இளவயதில் அவர், எதிரே மைக், பக்கத்தில் அட்டையில் பெயர் வந்த அந்தப் பாடகர். நான் கேட்காமலே ஒரு வரி பாடினார். குரல் தடித்திருந்தது. ஆனால் வரியின் முடிவை மேலே தூக்கி விடுகிற விதம் அதேதான். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

"அட்டையில பேரு ஏன் போடலக்கா?"

"சம்மந்தம் பேசிட்டிருந்த நேரம். பாட்டுக்காரின்னு தெரிஞ்சா கலைஞ்சிரும்னு வாப்பா சொன்னாவ. நானும் வேண்டாம்னுட்டேன். அது அப்பம். இப்பம் எம் மவன நாலு பேரு பொய்க்காரி மவன்னு சொல்லுதானுவ. அது எனக்குப் பொறுக்கல."

வந்ததும் திருத்தினேன். அரை மணி நேரத்தில் பழைய பெயரே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. சான்றைக் கட்டிய அதே தொகுப்பாளர்தான். கட்டுரைக்குப் பின்னால் வாதாடுவதற்கென்று ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. அங்கே போய் வெட்கத்தை விட்டு எழுதினேன்: அது நான் ஊகித்து எழுதியது, நாளிதழ் என்னைப் பார்த்து எழுதியது, தேதிகளைப் பாருங்கள். பதில் வந்தது: "நாளிதழ் உங்களிடமிருந்துதான் எடுத்தது என்பதற்குச் சான்று உண்டா?"

அந்த நேரம் பார்த்து மேசைக்கு முன்னால் நின்ற ஒருவர், "ஐந்தருவியில தண்ணி விழுதா சார்?" என்று கேட்டார். "போய்ப் பாருங்க" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

நாளிதழுக்குப் போன் போட்டேன். "ஒங்க பக்கத்துலருந்துதான் எடுத்தோம். ஆனா இவ்வளவு பழசுக்கெல்லாம் இனிமே திருத்தம் போட முடியாது சார்" என்றார்கள். போன் பேச்சு சான்றாகாது என்றது பேச்சுப் பக்கம். புகைப்படத்தைக் காட்டினேன். மைக் முன்னால் நிற்பவரெல்லாம் பாடகரா என்று இன்னொருவர் கேட்டார். அக்காவின் குரலைப் பதிவு செய்து ஒப்பிடலாமே என்றேன். அது சொந்த ஆய்வு, இங்கே கூடாது என்றார்கள். நான் செல்போனில் அளந்த நிமிடமும் நொடியும் மட்டும் அதே கட்டுரையில் ராஜாவாட்டம் இருந்தன. அவற்றுக்கு ஒருவரும் சான்று கேட்கவில்லை. பஸ் ஏறினால் இருபது நிமிடத்தில் போய்ப் பார்க்கக்கூடிய மனுஷி, இது நான்தான் என்று சொன்னால் சான்றில்லை. லாட்ஜில் உட்கார்ந்து நான் அளந்துவிட்டது அச்சில் வந்ததால் சான்று. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை அந்த அக்காவைச் சுட்டது.

விதி தப்பு என்று அடித்துச் சொல்லவும் எனக்கு வாயில்லை. எங்கம்மா பாடினார், எங்கப்பா வாசித்தார் என்று வந்த எத்தனையோ பேரை அதே விதியைக் காட்டி நானே விரட்டியிருக்கிறேன். அவர்களில் யார் யார் உண்மையைச் சொன்னார்களோ, தெரியாது. அதை நினைத்தால் கோபம் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் எனக்குள்ளேயே சுற்றுகிறது.

மூன்று வாரம் கழித்து ஒரு மூத்த தொகுப்பாளர் சமரசம் சொன்னார்: இரண்டு பெயரும் வேண்டாம். 'பெண் குரல்: அறியப்படவில்லை.' நல்ல முடிவு என்று எல்லாரும் நன்றி சொல்லிக்கொண்டார்கள். அறியப்படவில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று தென்காசிக்குப் போனேன். சென்னைப் பாடகியின் பெயரை எடுத்தாயிற்று என்றேன்.

"எம் பேரு?"

இல்லை என்றேன். நீங்களோ நானோ சொன்னால் ஆகாது, அச்சில் வந்திருக்க வேண்டும் என்று விதியை விளக்கினேன்.

"என்னயப் பத்திப் பேப்பர்ல எதுக்குப் போடப்போறான்?" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "நான் மௌத்தாயிட்டா எம் மவன் பேப்பர்ல மரண அறிவிப்பு போடுவாம்லா, போட்டோவோட. அதுல இன்ன இன்ன பாட்டுப் பாடுனது இவதான்னு இருந்தா, ஒங்க ஆளுவ ஒத்துக்கிடுவாவளா?"

எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். "ஒத்துக்கிடுவாங்கக்கா" என்றேன். அது பொய்யில்லை. அதைச் சொல்ல எனக்கு அவமானமாக இருந்தது.

அவர் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். மூன்று பாட்டின் முதல் வரிகளையும், மகன் எழுதிக்கொள்ளத் தோதாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எதுக்கும்மா இது என்று மகன் கேட்டது எனக்கும் கேட்டது.

"எழுதி வச்சிக்கோ. பெறவு தேவப்படும்" என்றார்.