வெளிர் நீலத்தில் ஆரத்திப் பொட்டு

எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு கல்குவாரி, லாரியில் கிளீனர், செங்கல் சூளை என்று எங்கேயும் நிலைத்து இருந்ததில்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு வைகாசியில், காரிமங்கலத்துக்கு வெளியே ஒரு மாந்தோப்புக்காரரின் கார் செட்டில் படுத்திருந்தேன். அவர் வீட்டு டிரைவர் என் நண்பன், முன்பு என்னோடு லாரியில் ஓடியவன். முதலாளியும் அவர் மனைவியும் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வரும்வரை படுத்துக்கொள்ளச் சொல்லி எனக்கு இடம் கொடுத்திருந்தான்.

வெளிர் நீல அம்பாசடர் அது. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் தருமபுரிக்கும் போகும். மற்றபடி செட்டை விட்டு நகராது. யாருக்கும் இரவல் கிடையாது. முந்தைய டிரைவர் தன் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, முதலாளியிடம் சொல்லாமல் வண்டியை எடுத்தான். அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம். இதை என்னிடம் சொன்னவனே என் நண்பன்தான். சொன்னவன்தான் பாப்பாரப்பட்டியில் தங்கை கல்யாணத்துக்கு அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் காலையில் திரும்பி வந்து செட்டில் நிறுத்தினான். இறங்கியவன் நகராமல் பானட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். நடுவில் மூன்று பொட்டுகள். பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து இறங்கியபோது சுற்றிய ஆரத்தியை, சுமங்கலி யாரோ விரலில் தொட்டு வண்டிக்கும் வைத்திருக்கிறாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர். ஒரு பகல் வெயிலில் காய்ந்து பெயிண்டுக்குள் இறங்கிவிட்டது.

“ஏண்டா, அப்பவே தொடைக்கறதுக்கு என்ன?”

“எந்தங்கச்சி கல்யாணத்துப் பொட்ட நானே அழிக்கறதா? பொழுது எறங்கட்டும்னு வுட்டேன்.”

“பொழுது எறங்குச்சில்ல?”

“அப்பறம் பந்திக்குக் கூப்ட்டுட்டாங்க மாப்ள.”

சாயங்கால ரயிலில் முதலாளி தருமபுரியில் இறங்குகிறார். இந்த வண்டியைத்தான் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும். பொட்டு இருந்தால் வேலை இல்லை. அவன் சம்பளத்தை நம்பித்தான் அந்தக் கல்யாணமே நடந்தது.

ஈரத்துணியால் துடைத்தோம். சிவப்பு போயிற்று. அடியில் பழுப்பாக மூன்று வட்டம் நின்றது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். வட்டம் இன்னும் தெளிவானது. வெள்ளைப் பல்பொடியைக் குழைத்து நான் ஒரு வட்டத்தைத் தேய்த்தேன். துணியில் நீலம் ஏறியது.

அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். “டேய், பெயிண்டு வருதுடா!”

“வரத்தான் செய்யும். மேல செத்த பெயிண்டு அது.”

சேலத்தில் ஒரு பெயிண்ட் பட்டறையில் சில வாரம் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பாலிஷ் போட்ட துணியெல்லாம் வண்டியின் நிறத்திலேயே கிடக்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அவன் என்னை மேஸ்திரியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். நானும் மறுக்கவில்லை.

அவனுடைய சைக்கிளை நான் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்தவர் கொட்டாங்குச்சியில் பாலிஷ் போடும் காம்பவுண்டு கொஞ்சம் வழித்துக் கொடுத்தார். மண்ணிறத்தில் களிம்பு மாதிரி இருந்தது, நறநறவென்றது. “முடிச்சதும் மெழுகு போட்ருங்க. இல்லேன்னா வெயில்ல சீக்கிரம் வெளுத்துரும்” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

காம்பவுண்டு போட்டுத் தேய்த்ததும் பழுப்பு போனது. இருவரும் சிரித்தோம். கழுவித் துடைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது சிரிப்பு நின்றது. பொட்டு இருந்த இடத்தில் மூன்று புது நீல வட்டங்கள் பளபளத்தன. சுற்றிலும் இருந்த பானட் சாம்பல் பூத்துக் கிடந்தது. இத்தனை வருஷம் அந்த வெளுப்புதான் வண்டியின் நிறம் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

“பொட்டே தேவலாம் போலருக்கு” என்றான்.

“பானட்டு முழுக்கத் தேய்ச்சுட்டா தெரியாது.”

பானட்டைத் தேய்த்து முடித்தோம். மட்கார்டு இரண்டும் அழுக்காகத் தெரிந்தன. மட்கார்டைத் தேய்த்தால் கதவு. கதவைத் தேய்த்தால் கூரை. உச்சிவெயில் செட்டுக்குள் வந்துவிட்டது. தகடு சூடேறியது. காம்பவுண்டு தடவிய உடனே காய்ந்து ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டது. தண்ணீர் தெளித்துத் தெளித்து எடுத்தோம். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அவன் அடிக்கடி வெளியே போய் வெயிலைப் பார்த்துவிட்டு வந்தான். ஒவ்வொரு முறை வரும்போதும் முன்பைவிட அழுத்தித் தேய்த்தான். பானட்டின் நடுமுதுகில் அப்படி அழுத்தியபோதுதான் நீலத்துக்குள்ளிருந்து அடிப்பூச்சு வெளியே வந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்குச் செங்கல் நிறம்.

அவன் துணியைக் கீழே போட்டுவிட்டுச் செட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டான்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. மெழுகு எப்படியும் போட வேண்டும். கார் மெழுகுக்கு நாங்கள் எங்கே போவது? கரண்ட் போனால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவத்திகள் செட்டில் இருந்தன. அவற்றைச் சுரண்டி மண்ணெண்ணெயில் போட்டு, கிண்ணத்தைக் கொதிநீரில் வைத்துக் கரைத்தேன். அதில் கொஞ்சம் எடுத்து, துணிக்குப் போடும் நீலப்பொடியைக் குழைத்து, அந்தச் செங்கல் நிறத்தின்மேல் அப்பினேன். நிறம் ஏறக்குறைய ஒத்துப்போனது. மிச்சத்தை வண்டி முழுக்கத் தடவினோம். துடைக்கத் துடைக்கப் பிசுபிசுவென்று பரவிக்கொண்டே போனது. அதற்குமேல் நேரமில்லை.

கேட்டால் சொல்ல ஒரு கதையும் தயார் செய்தோம். மரத்தடியில் நிறுத்தியபோது மாம்பால் பட்டுவிட்டது, அதை எடுக்கத்தான் பாலிஷ் போட்டோம். தோப்புக்காரர் நம்புவார். நானும் கூட ஏறிக்கொண்டேன். வழி முழுக்க அவன் அதையே முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினான்.

சாலையில் போன லாரிகள் கிளப்பிய செம்மண் அத்தனையும் மெழுகில் ஒட்டிக்கொண்டது. தருமபுரி ஸ்டேஷன் வாசலில் இறங்கிப் பார்த்தபோது வண்டி பஜ்ஜிமாவில் புரட்டி எடுத்ததுபோல் இருந்தது. துணியை எடுக்கப் போனேன். அதற்குள் ரயில் வந்துவிட்டது.

முதலாளி வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். பின்னால் அவர் மனைவி, ஒரு தகரப்பெட்டியோடு போர்ட்டர். முதலாளி வண்டியைச் சுற்றி வந்தார். பானட்டில் ஒரு விரலால் இழுத்தார். விரல் போன வழியில் நீலம் பளிச்சென்று தெரிந்தது. விரல் நுனியிலும் நீலம்.

“என்னப்பா இது, பிசுபிசுன்னு?”

“அதச் சட்டையில தொடச்சிராதீங்க” என்றார் அந்த அம்மா. முதலாளி ஏற்கெனவே துடைத்திருந்தார்.

நான் நண்பனைப் பார்த்தேன். மாம்பால் என்று சொல்ல வேண்டியது அவன்தான்.

“தீபாவளியும் இல்ல, கிறிஸ்மஸும் இல்ல. யாரு பாலிஷ் போடச் சொன்னது?”

“பாப்பாரப்பட்டிக்கு வண்டிய எடுத்துட்டுப் போனேனுங்க ஐயா” என்றான். “தங்கச்சி கல்யாணம். ஆரத்தி பட்டுருச்சுங்க.”

போர்ட்டர் பெட்டியைத் தலையிலிருந்து இறக்காமல் நின்றான்.

“எங்கிட்டக் கேக்கறதுக்கு என்ன?”

“கேட்டா குடுத்திருக்க மாட்டீங்க.”

அப்படிச் சொல்வான் என்று நான் நினைக்கவில்லை. அவனும் நினைத்திருக்க மாட்டான். முதலாளி சட்டையில் இருந்த நீலத்தைப் பார்த்தார்.

“மாட்டேன்தான்” என்றார். பிறகு, “பெட்டிய ஏத்து.”

நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். காரிமங்கலம் போகும் வழியில் அந்த அம்மா மட்டும் ஒரு தடவை, “பொண்ணு எந்த ஊருக்குப் போவுது?” என்று கேட்டார். “இண்டூருங்கம்மா” என்றான். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் முதலாளி இறங்கிக் கையை நீட்டினார். அவன் சாவியைக் கொடுத்தான். முந்தைய டிரைவரிடமும் இப்படித்தான் வாங்கியிருப்பார்.

படியேறிப் பாதியில் திரும்பினார்.

“காலைல பூசைக்குப் போவணும். ஆறு மணிக்கு வந்து சாவிய வாங்கிக்க. இனிமே ராத்திரிக்கு அது வூட்டுக்குள்ளதான் இருக்கும்.”

“சரிங்க ஐயா.”

“இவன் யாரு?”

“பாலிஷ் போட வந்தவனுங்க.”

முதலாளி என்னையும் பானட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “இவன வண்டிக்கிட்டச் சேக்காத” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

செட்டுக்கு வந்ததும் நண்பன் பழைய டயர்மேல் உட்கார்ந்தான். பீடியை வாயில் வைத்துத் தீக்குச்சி கிழித்தான். இரண்டு குச்சி அணைந்தது. மூன்றாவதை நான் வாங்கிப் பற்றவைத்துக் கொடுத்தேன்.