கிடை போட்ட மைதானம்

காலை ஐந்தரை மணிக்குப் புளியங்குடி ரோட்டில் எங்கள் மைதானத்தைக் கடந்து போகிறவர்கள் ஒரு பெண்ணைப் பார்த்திருப்பார்கள். ஐம்பத்தெட்டு வயது. டயர் செருப்பைக் கழற்றி வடக்குக் கோல்போஸ்டின் அடியில் விட்டுவிட்டு, புல்லில் வெறுங்காலோடு நடப்பாள். தெற்குக் கோல் வரை போய், இரண்டடி தள்ளி, மறுபடியும் வடக்கே வருவாள். ஒரு நாளைக்குக் கால்வாசி மைதானம். நாலு நாளில் முழு மைதானமும் அவள் காலுக்குக் கீழே வந்துவிடும்.

சங்கரன்கோவிலில் ஆடி மாதம் கோவிலை நூற்றெட்டு முறை சுற்றுகிறவர்கள் உண்டு. அதனால் இதையும் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒருநாள் எலுமிச்சை மூட்டையோடு போன ஒருவர் வண்டியை நிறுத்தி, "இந்தம்மா எந்தச் சாமிக்கு நடக்குதாக?" என்று என்னிடம் கேட்டார். "எங்க கோல்கீப்பருக்கு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அந்தப் பெண் ஆறுமுகத்தாய். சென்னையில் இருக்கும் ஒரு கால்பந்து கிளப், பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காக எங்கள் ஊரில் ஒரு அகாடமி நடத்துகிறது. ஆணும் பெண்ணுமாக நாற்பத்துநாலு பேர் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, காலையும் மாலையும் ஆடுகிறார்கள். தேறுகிறவர்கள் சென்னை அணிக்குப் போவார்கள். நான் செல்வமணி, அகாடமியின் மேனேஜர். தேரடியில் எங்கப்பா வைத்திருந்த இரும்புக்கடையில் உட்காரப் பிடிக்காமல் காலேஜில் கோல்கீப்பராக விழுந்து புரண்டவன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பின்னால் அது வரப்போவதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அகாடமி தொடங்கிய முதல் வருடம் மைதானம் எங்களைப் படாத பாடு படுத்தியது. கரிசல் மண். வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் ஷூவைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். கிளப் லாரியில் அனுப்பிய புல், பங்குனி தாண்டுவதற்குள் கருகிப்போனது. நான் தினமும் மாலையில் கருகிய புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்படி நின்ற ஒரு மாலையில்தான் பந்து ஒன்று வேலியைத் தாண்டி ஒரு செம்மறியாட்டு மந்தைக்குள் போய் விழுந்தது. பந்தை எடுத்துக்கொண்டு வந்தவள் ஆறுமுகத்தாய். மந்தை அவளுக்கும் அவள் கொழுந்தன் காசிராஜனுக்கும் சொந்தம். அவள் பந்தைக் கொடுத்தாள், குனிந்து மண்ணை ஒரு பிடி எடுத்தாள், உதிர்த்தாள்.

"இதுக்கு உரம் போட்டா ஆவாது தம்பி. பத்து நாள் ஆடு கெடக்கணும்" என்றாள்.

கிடை போடுவது என்றால் எங்கள் பக்கத்துச் சம்சாரிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அறுப்பு முடிந்த காட்டில் இரவெல்லாம் மந்தையை அடைத்துவைப்பார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். மறுநாள் பட்டியை நகர்த்திப் பக்கத்து நிலத்தில் அடைப்பார்கள். ஆனால் கால்பந்து மைதானத்தில் கிடை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கிளப்பிடம் கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்காமலே சரி சொன்னேன்.

பத்து நாள் கிடை, பிறகு டிராக்டர் உழவு, பிறகு ஓடைக்கரையில் அவள் காட்டிய இடத்திலிருந்து அருகம்புல். கிளப் லாரியில் அனுப்பியதும் அருகம்புல் ஜாதிதான், வெளிநாட்டுப் பேரோடு வந்திருந்தது. அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. அடுத்த மழைக்குப் புல் பிடித்தது. அந்தப் பச்சையைப் போட்டோ எடுத்து அனுப்பியதும் சென்னையிலிருந்து எனக்குப் பாராட்டு வந்தது. பாராட்டை நான் வைத்துக்கொண்டேன், வேலையை அவளுக்குக் கொடுத்தேன்.

அவளுக்கு வேலையைவிட அதோடு வந்த அறைதான் பெரிது. மைதானத்தின் ஓரத்தில் மோட்டார் ரூமை ஒட்டி, பத்துக்குப் பத்து அறை. பன்னிரண்டு வயதில் ஆட்டின் பின்னால் நடக்கத் தொடங்கியவள். ராயகிரிக்கும் மேலநீலிதநல்லூருக்கும் நடுவில் அவள் படுக்காத காடு கிடையாது. புருஷன் போய்ச்சேர்ந்துவிட்டான். மகளை ராயகிரியில் கட்டிக்கொடுத்தாயிற்று, ஆனால் மருமகன் வீட்டில் போய் உட்கார மனசில்லை. சாவியைக் கொடுத்த அன்று பட்டப்பகலில் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள், மறுபடியும் போட்டாள். நான் வெளியே நிற்பதையே மறந்துவிட்டாள். தன் பங்கு ஆடுகளைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டு, புல்லைக் கட்டையாக மேய்ந்து வைக்கப் பன்னிரண்டு ஆடுகளை மட்டும் வைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் சித்திரையில் கிளப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எல்லா அகாடமி மைதானங்களையும் ஒரே கான்ட்ராக்ட் கம்பெனியிடம் கொடுக்கப்போகிறார்கள். ஜூன் இரண்டாம் திங்கட்கிழமை ஆய்வுக்கு ஆள் வருவார், மைதானம் பிரமாதமாக இருந்தால் மட்டும் இப்போதிருக்கும் ஆளே தொடரலாம். கான்ட்ராக்ட் வந்தால் அந்த அறையில் கம்பெனி ஆள் குடியிருப்பான். நான் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்பம் லீவுல இன்னொரு கெடை போட்டுருவோம். புல்லு மெத்த மாதிரி வந்துரும்" என்றாள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மே மாதம் பிள்ளைகள் ஊருக்குப் போனதும் காசிராஜன் மந்தையோடு வந்தான்.

ஜூன் மாதம் பிள்ளைகள் திரும்பினார்கள். புல் மெத்தை மாதிரிதான் இருந்தது. ஆய்வுக்கு மூன்று நாள் இருந்தபோது, வெள்ளிக்கிழமை காலை, எங்கள் கோல்கீப்பர் ராஜேஸ்வரி இடப்பக்கம் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்தாள். பிடித்துவிட்டு எழுந்திருக்கவில்லை. முழங்கைக்குக் கீழே முள். அதுவும் வேலிக்கருவை முள்.

நான் போய்ப் புல்லை விலக்கிப் பார்த்தேன். விரல் நீளத்தில் கருவைக் கன்று. அதற்கடுத்து ஒன்று, தள்ளி நாலு. மைதானம் முழுக்க இருந்தன. ஆடுகள் அந்த இலையைத் தின்னாது என்பதால் சுற்றியுள்ள புல்லை மேய்ந்துவிட்டு அதை அப்படியே விட்டிருந்தன. கோடையில் மேய்ச்சல் இல்லாமல் காசிராஜனின் மந்தை கருவை நெத்தை, அந்தக் காய்ந்த காயைத்தான் தின்றிருக்கிறது. புழுக்கையோடு விதை வந்திருக்கிறது. நாங்கள் தினமும் தண்ணீர் விட்டு வளர்த்திருக்கிறோம்.

எனக்குத் தலை கொதித்தது. கோல்கீப்பருக்குக் கை எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். "ஆடு மேய்க்கிற புத்திய வச்சிக்கிட்டு கிரவுண்டு பாத்தா இப்பிடித்தான் ஆவும். பேசாம ஆட்டோடயே போயிருங்க." கிடைக்குச் சரி சொன்னவன் நான்தான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆறுமுகத்தாய் இடுப்பில் சொருகியிருந்த முள்வாங்கியை எடுத்து, ராஜேஸ்வரியின் கையை மடியில் வைத்து, முள்ளை ஒடியாமல் எடுத்தாள். பிறகு ஒரு கன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இத்தன வருசமும் கெடை போட்ட எடத்துல மறுவாரமே ஏரு வந்துரும் தம்பி. முளைச்சது எல்லாம் ஏரோட போயிரும். உழாம விட்டா என்ன முளைக்கும்னு நான் ஒருநாளும் நின்னு பாத்ததில்ல."

மத்தியானம் அவள் அறைப்பக்கம் போனேன். கதவுக்குப் பின்னால் ஒரு மூட்டை கட்டியிருந்தது. போர்வை, தூக்குச்சட்டி, மேலே ஆட்டுக்கம்பு. திங்கட்கிழமை வரை வேலை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கிற மாதிரி நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மாலை ராஜேஸ்வரி என் போனை வாங்கி அவள் அம்மா பாலம்மாளிடம் பேசினாள். கை வலியைச் சொல்லத்தான் கேட்கிறாள் என்று கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில், பெண்கள் டிக்கெட் வாங்க வேண்டாத பஸ்ஸில், இருபத்தியோரு பெண்கள் வந்து இறங்கினார்கள். எல்லாரும் எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள். ஒவ்வொருத்தி கையிலும் களைக்கொத்தி. மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் காடுகளில் உளுந்துக்கும் சோளத்துக்கும் களை எடுக்கிறவர்கள். முன்னால் வந்த பாலம்மாள் என்னிடம் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நேத்து சாயந்தரம் தண்ணி விட்டாச்சா?"

"விட்டிருக்கு" என்றேன். ஆறுமுகத்தாய் விட்டிருந்தாள். தனியாகவே பிடுங்கத் தொடங்கி, ஒரு கோலுக்கு முன்னால் இருந்த இடத்தைத்தான் முடித்திருந்தாள்.

"அப்பம் நிரை புடிங்கட்டி" என்றாள் பாலம்மாள். இருபத்தியோரு பேரும் மைதானத்தின் அகலத்துக்கு வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு நிரை பிடித்தார்கள். வடக்கிலிருந்து தெற்கே நகர்ந்தார்கள். பிள்ளைகள் வாளி தூக்கினார்கள். எங்கள் கோச்சும் மண்டி போட்டார். நானும் உட்கார்ந்தேன். முதல் கன்றை இழுத்ததும் தண்டு ஒடிந்துவிட்டது.

"சார்வாள், வேரோட வரணும். ஒடிச்சுப் போட்டா ஒண்ணு நாலா வரும்" என்று பாலம்மாள் என் கையிலிருந்த கொத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு நானும் வாளிதான் தூக்கினேன்.

வாளி தூக்கிக்கொண்டே அவளிடம் கேட்டேன், பிள்ளை கையில் முள் ஏறக் காரணமானவளுக்காக எப்படி இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று. அவள் நிமிரவில்லை.

"போன கார்த்திகையில மழைக்கு பஸ்ஸு வராமப் போச்சுல்லா. புள்ளையளப் பாக்க வந்த ஒம்பது பேரும் இந்தக்கா ரூம்புலதான் படுத்தோம். எடம் பத்தலன்னு அது வெளிய மோட்டார் ரூம்பு ஓரத்துல உக்காந்துட்டு. நாப்பத்தஞ்சு வருசம் வெளியதான கெடந்தேன், ஒரு நாள் என்ன செய்யப்போவுதுன்னு சொல்லிச்சு. ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

எனக்குத் தெரியாது. மேனேஜர் என்று போர்டு வைத்திருக்கிறேன், இது தெரியாது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆய்வுக்காரர் ஜெபசிங் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசாதவர். ஒரு கம்பியை மண்ணில் இறக்கிப் பார்த்தார், புல்லின் உயரத்தை அளந்தார், பந்தை உருட்டி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்த்தார். ஒரு முள்கூட அவர் கண்ணில் படவில்லை. "நல்லா இருக்கே. என்ன உரம் போடுறீங்க?" என்று என்னிடம் கேட்டார். இயற்கை உரம் என்று சொல்லி முடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"ஆட்டுக்கெடை போட்டோம் சார்" என்றாள் பின்னால் நின்ற ஆறுமுகத்தாய். "முத வருசம் போட்டது சரி. இந்த வருசம் போட்டது தப்பு. கருவை முளைச்சு நம்ம கோல்கீப்பர் புள்ள கையில முள்ளு ஏறிட்டு. நேத்துத்தான் புள்ளையளோட அம்மாமாரு எல்லாம் வந்து புடுங்குனாக."

என் வாய் திறந்தபடியே இருந்தது. ஜெபசிங் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் எடுத்தாச்சா?"

"முளைச்சது எடுத்தாச்சு. முளைக்காதது உள்ள கெடக்கு. ரெண்டு மூணு வருசத்துக்கு ஒவ்வொண்ணா வரும். யாரு இங்கன இருந்தாலும் அதத் தெனமும் பாக்கணும். அத மட்டும் எழுதி வச்சிட்டுப் போங்க. புள்ளைய விழுந்து புரளுத எடம்."

தன்னை வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் கேட்கவில்லை. ஜெபசிங் குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தார். "எப்படிப் பார்ப்பீங்க? புல்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாதே" என்றார்.

அவள் அங்கேயே செருப்பைக் கழற்றினாள். நாற்பத்தைந்து வருடம் காட்டில் முள்ளுக்குப் பயந்து ஒரு அடிகூட செருப்பில்லாமல் வைத்திராதவள். "காலுக்குத் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு நடந்து காட்டினாள். போனாள், இரண்டடி தள்ளித் திரும்பி வந்தாள். ஜெபசிங் அவள் திரும்பி வரும்வரை நின்று பார்த்துவிட்டு, தாளை எடுத்து எழுதினார். கான்ட்ராக்ட் ஆளுக்கு இதைச் செய்யத் தெரியாது, இவர் இங்கேயே இருக்கட்டும் என்று எழுதியதை எனக்குக் காட்டினார். இனிமேல் பிள்ளைகள் ஆடுகிற புல்லில் கிடை போடக் கூடாது என்றும் ஒரு வரி இருந்தது. அது நியாயம்தான்.

அவர் போனபின் நானும் ஆறுமுகத்தாயும் அறைப்பக்கம் நடந்தோம். அவள் மூட்டையை அவிழ்த்துப் போர்வையை உதறினாள்.

"அக்கா, அன்னைக்கு நான் பேசுனது தப்பு. மன்னிச்சிருங்க" என்றேன்.

"ஆட்டோட போன்னுதான சொன்னிய. ஆட்டச் சொன்னா எனக்கு எதுக்குக் கோவம் வருது" என்று சிரித்தாள். பிறகு போர்வையை மடித்துக்கொண்டே, "அந்த ரூம்ப விட்டுட்டுப் போவணுமேன்னுதான் கெதக்குன்னு இருந்துச்சு" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் அகாடமிக்குப் புல் கொடுத்தது அவள், அம்மாக்களுக்குக் கூரை கொடுத்தது அவள், நான் விழுங்கவிருந்த உண்மையைச் சொல்லி என்னைக் காப்பாற்றியதும் அவள்தான். இவ்வளவையும் அவளிடம் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ராஜேஸ்வரியின் கை ஆறிவிட்டது. சென்னை கோச் வந்து இரண்டு நாள் பார்த்துவிட்டு, அடுத்த வருடத்து அணிக்கு அவள் பெயரைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.

போன மாதம் ஒரு காலையில் ஆறுமுகத்தாய் பாதி நடையில் பெனால்டி பாக்ஸுக்குள் உட்கார்ந்துவிட்டாள். என்னவோ ஏதோ என்று ஓடினேன். வலது பாதத்தைத் தூக்கித் தொடைமேல் வைத்து முள்வாங்கியால் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்ததை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ராஜேஸ்வரி விழுத எடம் தம்பி. அவளுக்குப் போவேண்டியது எனக்கு வந்துட்டு" என்றாள்.

கன்றை வேரோடு பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு எழுந்தாள், மிச்ச நடையை நடக்கத் தொடங்கினாள். நானும் ஷூவைக் கழற்றி அவள் செருப்புக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, இரண்டடி தள்ளி நடந்தேன்.