பஞ்சு ஏற்றிய மணி

என் வீட்டுக்காரருக்கு வேலைத்தளத்தில் ‘பஞ்சு’ என்று பெயர். கிரேன் ஓட்டுகிறவர். எட்டு டன் இரும்பானாலும் அவர் தரையில் வைக்கும்போது சத்தம் வராது, அதனால்தான் அந்தப் பெயர் என்று கூட்டாளிகள் சொல்வார்கள். எனக்கென்னவோ அது அவர் குணத்துக்கு வைத்த பெயராகத்தான் பட்டது. யார் திட்டினாலும் கேட்டுக்கொள்வார். வரிசையில் யாராவது நடுவில் புகுந்தால் தள்ளி நின்று இடம் விடுவார். போதகர் சாந்தகுணத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் சபையில் பாதிப் பேர் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாந்தம் என்பது வாயில்லாதவர்களுக்குக் கர்த்தர் கொடுக்கிற ஆறுதல் பரிசு என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுக்கான வாயை மொத்தமாக என்னிடமே கொடுத்துவிட்டாரே!

அந்த வாயால்தான் மாட்டிக்கொண்டேன். ஆலயத்தின் பழைய மணியில் விரிசல் விழுந்து, இறக்கி வைத்து மூன்று வருடம். புது மணி அரை டன் கனத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தது. பெண்கள் கூட்டத்தில் நான் எழுந்து, “எங்க வீட்டுக்காரர் ஏத்திக் கொடுப்பாரு. சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள மணி மேல இருக்கும்” என்று சொல்லிவிட்டேன். அவருடைய முதலாளியும் கிரேனைக் கொடுத்தார். ஆனால் பன்னிரண்டு மணி வரைதான். அப்புறம் அது வெளியூர் வேலைக்குப் போய்விடும், திரும்பி வர ஆறு மாதம் ஆகும். சபைச் செயலாளர் ஒரு சிரிப்புச் சிரித்தார். “பஞ்சா? பார்க்கலாம்மா.”

கிரேன் வேலையில் ஒரு சட்டம் உண்டு. தூக்கு, இறக்கு, திருப்பு என்று சைகை காட்ட ஒரே ஒருவருக்குத்தான் உரிமை. ‘நிறுத்து’ என்று மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். உள்ளங்கை தெரியக் கையை உயர்த்தினால் போதும். முதலாளி காட்டினாலும் நிற்க வேண்டும், டீ கொண்டுவருகிறவர் காட்டினாலும் நிற்க வேண்டும். ஏன் என்பதையெல்லாம் நின்ற பிறகுதான் கேட்கலாம்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மணி தரையை விட்டு எழும்பியது. கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே சபையே திரண்டு நின்று பாடியது. மணி ஆள் உயரம் போனதும், முன்னால் நின்ற தையல்கார அக்கா இரண்டு கைகளையும் தூக்கி, “அல்லேலூயா!” என்றார்.

மணி நின்றுவிட்டது.

சைகை காட்டும் கூட்டாளி தலையில் அடித்துக்கொண்டார். விஷயத்தை விளக்கி, அக்காவின் கைகளை இறக்க வைத்து, மறுபடி தூக்கினார்கள். இரண்டு அடி போயிருக்காது, இன்னொருவர் ஸ்தோத்திரம் சொல்லிக் கையை உயர்த்தினார். நின்றது. கூட்டத்தை அமைதிப்படுத்தப் போதகர் கையை உயர்த்தினார். அதற்கும் நின்றது. கையைச் சும்மா வைத்துக்கொண்டு துதிக்க எங்கள் சபையில் யாருக்குமே தெரியாது.

மணி பதினொன்றே கால் ஆயிற்று. பாதிக் கோபுரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது எங்கள் மணி. செயலாளர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து, மணிக்கு நேர் கீழே நின்றுகொண்டு கத்தினார்.

“என்னய்யா இது! அவங்க ஆண்டவரைத் துதிக்கிறாங்கன்னு உனக்குத் தெரியலையா?”

“தெரியுதுங்கய்யா,” என்றார் இவர் கிரேன் கூண்டிலிருந்து. “ஆனா எந்தக் கை துதிக்குது, எந்தக் கை ஆபத்துன்னு சொல்லுதுன்னு நான் முடிவு பண்ணக்கூடாது. கை எழும்பினா நிக்கணும். நீங்களும் தயவுசெஞ்சு கயித்துக்கு வெளிய போங்க. நீங்க போற வரைக்கும் லீவரைத் தொடமாட்டேன்.”

அதே பஞ்சுக் குரல். செயலாளர் கமிட்டியைக் கூட்டுவேன் என்று மிரட்டினார். இவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

“என்னங்க, என் மானம் போகுது! மணி ஆகுதுல்ல? இனிமே யாரு கையத் தூக்கினாலும் கண்டுக்காம ஏத்துங்க!”

“இரும்மா,” என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் செயலாளர் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார். மணி மறுபடி எழும்பியது. கோபுர ஜன்னலுக்கு இன்னும் ஓர் ஆள் உயரம்தான் பாக்கி. அப்போது ஆலயத்தின் பக்கவாட்டில் ஒரு கை உயர்ந்தது. ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கிற பெண்மணியின் கை. ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்காருகிறவர், கையை உயர்த்தி யாரும் பார்த்ததே இல்லை. சைகை காட்டுகிறவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது தெரியாது. கூண்டில் இருந்தவருக்குத் தெரிந்தது. மணி நின்றது.

“இப்ப யாருய்யா?” என்று செயலாளர் பல்லைக் கடித்தார்.

அந்தப் பெண்மணி துடைப்பத்தோடு ஓடிவந்தார். “மணியைக் கட்டியிருக்கிற பட்டை கம்பியில மாட்டி அறுபடுதுங்க. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல, அதான் கையத் தூக்கினேன். தப்புங்களா?”

எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். கோபுரச் சுவரில் துருத்திக்கொண்டிருந்த பழைய இரும்புக் கம்பி, நைலான் பட்டையைப் பாதிக்கு மேல் அறுத்திருந்தது.

இவர் மணியைச் சுவரிலிருந்து மெதுவாக விலக்கினார். தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல அங்குலம் அங்குலமாக இறக்கினார். கீழே வைத்தபோது சத்தமே இல்லை. வைத்த இடம், செயலாளர் நின்று கத்திய அதே இடம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆறுதல் பரிசு என்று நினைத்ததை நான் அங்கேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன். எட்டு டன்னைத் தூக்குகிற கை ஒரு துடைப்பக்காரியின் கைக்கு நின்றதே! கர்த்தருடைய சாந்தம் என்ன என்று, இருபது வருடமாக அது என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் எனக்கு விளங்கவில்லை.

எஃகுக் கயிறு மாட்டி மறுபடி தூக்கினார்கள். இந்தத் தடவை சபை மொத்தமும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது மணி கோபுரத்துக்குள் போனது. மேலே இருந்தவர்கள் போல்ட்டை முடுக்கினார்கள். இவர் கூண்டிலிருந்து இறங்கி, நேராகக் கடைசியில் நின்ற அந்தப் பெண்மணியிடம் போனார்.

“அக்கா, இப்ப தூக்கலாம். நீங்க முதல்ல.”

அவர் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் உயர்த்தினார். பிறகு எல்லாருடைய கைகளும் எழும்பின. யாரோ மணிக் கயிற்றை இழுக்க, மணி அடித்தது. அத்தனை கைகள் உயர்ந்தும் அது நிற்கவே இல்லை.