கிளிப்பைப் பிடித்தவர்

எனக்குப் பேய், பிசாசு என்பதில் நம்பிக்கை கிடையாது தம்பி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டியைச் சுற்றி இருபது வருஷம் வாடகைக் கார் ஓட்டியவன் நான். சுடுகாட்டுச் சுவர் ஓரமாக வண்டியை நிறுத்தி நிம்மதியாகப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறேன், ஒன்றும் வந்து பங்கு கேட்டதில்லை. ஆனால் காரில் வைத்துக்கொள்ள, பாட்டரி படுத்தாலும் என்ஜினைக் கிளப்பிவிடும் ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டி எது வாங்கலாம் என்று நீங்கள் கேட்டுவிட்டீர்கள். அந்தப் பேச்சை எடுத்தால் இதைச் சொல்லாமல் என்னால் நிறுத்த முடியாது. சிரிப்பு வந்தால் முடிந்த பிறகு சிரித்துக்கொள்ளுங்கள்.

எல்லார் கையிலும் செல்போன் வராத காலம் அது. என் மனைவி முருகலட்சுமி கோபித்துக்கொண்டு தூத்துக்குடியில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. தப்பு என் பேரில்தான். எங்கே வருவதாகச் சொன்னாலும் நேரத்துக்குப் போக மாட்டேன், கேட்டால் கார் நின்றுவிட்டது என்பேன். என் பழைய மாருதி அடிக்கடி நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் பாதிக்கு மேல் நான் டீக்கடையில் வாய் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். அவள் அப்பா இறந்த அன்று எல்லாம் எடுத்து முடிந்த பிறகு போய் நின்று அதே பல்லவியைப் பாடினேன். அன்றைக்கு மட்டும் அது நிஜம். யார் நம்புவார்கள், சொல்லுங்கள்?

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. ஏழு மாதம் ஒற்றை ஆளாகப் பொங்கித் தின்றேன். வீட்டுக்குள் ஏதாவது ஒரு மனிதக் குரல் கேட்கட்டும் என்று ரேடியோவை அணைக்காமலே படுத்துக்கொள்வேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் திட்டினால்கூடப் போதும் என்று இருந்தது.

கடைசியில் அவள் அண்ணன் எதிர்வீட்டு போனுக்குக் கூப்பிட்டார். "மாப்ள, புதன்கிழமை பன்னெண்டு மணி வண்டிக்கு மணியாச்சி வாராளாம். பாதித் தூரம் அவ வருவாளாம், மிச்சத் தூரத்துக்கு நீங்க வரணுமாம். அந்த வண்டி ஒரு மணிக்குத் திரும்பிரும். ஒங்களக் காணலேன்னா அதுலயே ஏறிருவாளாம், பெறவு கூப்பிடவே வேண்டாம்னுட்டா. கார் நின்னு போச்சுன்னு மட்டும் வந்து சொல்லிராதீங்க."

அதற்காகத்தான் பெட்டி தேடிப் போனேன். பாட்டரியை ஏற்கெனவே மாற்றிப் பார்த்தாயிற்று. எங்கேயோ கரண்ட் கசிந்து அதுவும் படுத்துவிட்டது, எந்த மெக்கானிக்குக்கும் பிடிபடவில்லை. கண்மாய்க் கரைச் சரிவாகப் பார்த்து நிறுத்தி, உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்து காலம் தள்ளினேன். வெறும் ஜம்பர் வயர் வாங்கலாம் என்றால் அதற்கு இன்னொரு கார் பக்கத்தில் வர வேண்டும், எங்கள் பாதையில் ஆடுதான் வரும். தூத்துக்குடியில் கப்பல் சாமான் விற்கும் கடையில் ஒரு வெளிநாட்டுப் பெட்டி பார்த்தேன், டார்ச் லைட் எல்லாம் வைத்து அழகாக இருந்தது, ஆனால் வயர் பாயாசச் சேமியா கனம்கூட இல்லை, கெட்டுப்போனால் திறந்து பார்க்க இங்கே ஆளும் கிடையாது.

கோவில்பட்டி பாட்டரிக் கடை தங்கராஜ் அண்ணாச்சிதான் வழி சொன்னார். தகரப் பெட்டிக்குள் ஒரு சின்ன பாட்டரி, வெல்டிங்குக்குப் போடும் தடி வயர், முனையில் இரண்டு பெரிய கிளிப். "வயரும் கிளிப்பும்தான் முக்கியம். வேற பகட்டெல்லாம் பாக்காதீங்க," என்றார். அதையே இப்போது உங்களுக்கும் சொல்கிறேன். "புது பாட்டரி காஞ்சுதான் வரும். ஆசிட் ஊத்தி ராப்பூரா சார்ஜ்ல போடுதேன், காலைல வந்து எடுத்துக்கிடுங்க."

புதன்கிழமை காலையில் அவர் கடை திறக்கவே பதினோரு மணி ஆகிவிட்டது. உள்ளே சாமி படத்துக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் பெட்டி இருந்தது. "எடுத்துட்டேன் அண்ணாச்சி, சாயந்திரம் வாரேன்!" என்று கத்திவிட்டு, தெருவில் என்ஜினை அணைக்காமல் நிறுத்தியிருந்த காருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பெட்டி கனமே இல்லை. அடடா, தூக்கிப் போக எவ்வளவு வசதி என்று சந்தோஷம் வேறு.

பன்னிரண்டரைக்கு எப்படியும் போய்விடலாம், ஒரு மணி வண்டிக்கு நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். கடம்பூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலையோரம் ஒரு முனியசாமி பீடம் உண்டு. அந்தப் பக்கம் போகிற டிரைவர் யாரும் நிறுத்தி விபூதி பூசாமல் போவதில்லை, சாமி முன்னால் என்ஜினை உறும விட்டுக்கொண்டு நிற்பதும் இல்லை. மற்ற நாளாக இருந்தால் உள்ளே இருந்தபடியே கும்பிட்டுவிட்டுப் போயிருப்பேன். பெட்டி இருக்கிறதே என்ற தைரியத்தில் ஓரங்கட்டி அணைத்தேன். மணி பன்னிரண்டு பத்து, பார்த்தேன். கும்பிட்டுவிட்டு வந்து செல்ஃப் அடித்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பானெட்டைத் திறந்து பெட்டியை மாட்டினேன். கார் பாட்டரியின் முனை தேய்ந்திருந்ததால் கிளிப் நிற்காமல் நழுவியது. நழுவாமல் ஒருவர் பிடித்துக்கொண்டால் இன்னொருவர் உள்ளே போய்ச் செல்ஃப் அடிக்கலாம். நான் ஒருவன்தானே? மாட்டிவிட்டு ஓடி வந்து சாவியைத் திருப்புவேன், 'டிக்'. திரும்ப ஓடிப் போய் மாட்டுவேன். தள்ளலாம் என்றால் சமதரை, முந்தின நாள் மழையில் கரிசல் குழைந்து டயரைக் கவ்விப் பிடித்திருந்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் உடைமரமும் வெயிலும்தான், ஒரு ஆட்டுக்காரர்கூட இல்லை. பன்னிரண்டு ஐம்பதுக்கு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுவிட்டேன். இந்த ஒரு தடவை நிஜமாகவே கார் நின்றுவிட்டது, அதை எந்த முகத்தோடு அவளிடம் போய்ச் சொல்வேன்?

அப்போதுதான் கேட்டது. திறந்திருந்த பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, மெதுவாக, ஒரு ஆம்பிளைக் குரல்.

"நான் பிடிச்சிக்கிடுதேன். நீங்க அடிங்க."

யார், என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. சாவியைத் திருப்பினேன். நம்பினால் நம்புங்கள், ஒரே அடியில் என்ஜின் பிடித்துக்கொண்டது. கையெடுத்துக் கும்பிடலாம் என்று இறங்கி முன்னால் போனால் யாரும் இல்லை. கிளிப்புகளைக் கழற்றிப் பெட்டிமேல் வயரைச் சுற்றி வைத்திருந்தது. ஈரக் கரிசலில் கோழி நடந்தால்கூடத் தடம் விழும் தம்பி. நான் முன்னும் பின்னும் ஓடிய தடம் மட்டும்தான் கிடந்தது, எல்லாம் என் செருப்பு.

மணியாச்சிக்குப் போய்ச் சேரும்போது ஒன்று இருபது. வண்டி போய்விட்டிருந்தது. பிளாட்பாரத்தில் காக்கை குருவி இல்லை, கடைசி பெஞ்சில் மடியில் பையை வைத்துக்கொண்டு அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் போய் நின்றேன்.

"வந்து... கார்..." என்று இழுத்தேன்.

"தெரியும். நின்னு போச்சு. அதான் அவிய வந்து சொல்லிட்டாவல்ல?" என்றாள்.

"எவிய?"

"யாருன்னு தெரியல. ஒங்க வீட்டுக்காரர் கார் நின்னு தவிச்சிட்டு இருக்காரு, நான் போய்ப் பிடிச்சு விடுதேன், நீ வண்டியேறிராதம்மான்னு சொன்னாவ."

யாராவது பைக்கில் வந்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவளை வீட்டில் விட்டுவிட்டுச் சாயந்திரம் கடைக்குப் போனால் தங்கராஜ் அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். "ஏன் அண்ணாச்சி இப்படி அவசரப்படுதீங்க? ஒங்க பெட்டி உள்ள சார்ஜ்ல கெடக்கு. நீங்க தூக்கிட்டுப் போனது நாளைக்குக் குடுக்க வேண்டியது, இன்னும் ஆசிட்டே ஊத்தல." திறந்து காட்டினார். ஆறு குழியும் காய்ந்து கிடந்தன. "இத வச்சு டார்ச் பல்பைக்கூட எரிக்க முடியாது. நல்ல வேளை, வழியில வண்டி நிக்கல," என்றார்.

முனியசாமிதான் என்று சிலர் சொல்கிறார்கள். பாட்டரி கிளிப்பைப் பிடிக்க முனியசாமி எங்கே படித்தார் என்று கேட்டுக் கேலியாகத் தாண்டிவிடுவேன். ஆனால் அன்று சாப்பிடும்போது முருகலட்சுமியிடம் விசாரித்தேன். அந்த ஆள் எத்தனை மணிக்கு வந்தார்?

"வண்டிய விட்டு எறங்குன ஒடனே. வண்டி சரியா பன்னெண்டுக்கு வந்துட்டு."

பன்னிரண்டுக்கு என் கார் ஓடிக்கொண்டிருந்தது தம்பி. நான் கடம்பூரைத் தாண்டிச் சீட்டியடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றாள், பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தாளாம், பக்கத்தில் நின்று பேசியது மட்டும்தான் தெரியுமாம்.

"ஏட்டி, நான் சொல்லி ஒரு நாளாவது நம்பியிருக்கியா? மொகந்தெரியாத ஆளு சொன்னத மட்டும் எப்படி நம்புன?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"யாருமில்லாம தனியா நிக்காருன்னு சொல்லும்போது அவியளுக்குத் தொண்ட அடச்சிட்டு. பேச முடியல. ஒங்களுக்காக அழுவதுக்கும் ஒரு ஆளு இருக்காவளேன்னு நெனச்சேன், அதான் வண்டிய விட்டுட்டேன்."

அவள் இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறாள். அந்த ஆள் யார் என்று அவ்வப்போது கேட்பாள். எனக்காக அழக்கூடியவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன், ஒருத்தர்கூட நினைவுக்கு வரவில்லை.