சுண்ணாம்பு வட்டம்

வியாசர்பாடி மைதானத்தில் இன்று என் மகளின் அணி ஆடுகிறது. கோடு போட்ட சுண்ணாம்புத் தூள் காற்றில் எழும்பி மூக்கில் ஏறியதும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

அன்றும் இதே மைதானம்தான். எங்கள் பிளாக்குக்கும் எம்.கே.பி. நகருக்கும் ஃபைனல். தூறலில் கோட்டுச் சுண்ணாம்பு கரைந்து பந்தெல்லாம் அப்பியிருந்தது. கோலுக்குப் போன பந்து, குறுக்கே பாய்ந்த என் அண்ணனின் முழங்கையில் பட்டுத் திரும்பியது. எதிரணி பெனால்டி கேட்டுக் கத்தியது. தூரத்தில் நின்ற ரெஃப்ரி அதைப் பார்க்கவில்லை. விசாரிக்க ஓடி வந்துகொண்டிருந்தார். அண்ணனின் முழங்கையில் வெள்ளையாக ஒரு வட்டம். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் முந்திக்கொண்டு ஓடி, அதை என் பாவாடையால் அழுத்தித் துடைத்துவிட்டேன்.

அண்ணன் என்னையும் பாவாடையையும் பார்த்தான். பிறகு ரெஃப்ரியிடம், "கையிலதான் பட்ச்சி. பெனால்டி குட்த்துடு சார்" என்றான்.

தோற்றோம். "இவன் நமக்கு ஆட்றானா, அவனுங்களுக்கு ஆட்றானா?" என்று பிளாக்கே ஏசியது. நானும் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பாவாடை விஷயத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது மகளின் அணியில் ஒருத்தி கையில் பந்து பட்டது. விசில் ஊதுவதற்குள் நான் எழுந்து நின்று, "படல ரெஃப்ரி, படவே இல்ல!" என்று கத்தினேன்.

பக்கத்தில் இருந்த அண்ணன் தன் கைக்குட்டையை என் கையில் திணித்தான்.

"இந்தா, போய் தொட்ச்சி வுட்டு வா."