வயரு என் கையில இருக்கு சார்

முதலில் தஞ்சாவூர், அடுத்து மன்னார்குடி, கடைசியில் திருத்துறைப்பூண்டி. திருவாரூரில் லேப் கதவைத் திறந்ததும், கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், மூன்று கிளைகளையும் கம்ப்யூட்டரில் கூப்பிட்டுப் பார்க்கிறார் பாத்திமா மேரி. பதில் வந்தால் "இருக்கான்" என்கிறார். வராவிட்டால் "இன்னும் எந்திரிக்கலை" என்று சொல்லிக்கொண்டே அந்தக் கிளைக்குப் போன் போடுகிறார். நாலு ஊரும் எழுந்த பிறகுதான் அவருக்கு டீ. அதற்குள் டீ ஆறிப்போயிருக்கும். இந்த அம்மாவுக்கு ஆறின டீதான் பிடிக்கும் என்று டீக்கடைக்காரர் முடிவே கட்டிவிட்டார்.

வயது முப்பத்தாறு. பாலிடெக்னிக் டிப்ளமா. கணவர் மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன். லேபில் ரத்தம் எடுக்கிற பெண்களுக்கு வெள்ளைக் கோட்டு உண்டு, இவருக்குக் கிடையாது. வருகைப் பதிவேட்டில் ‘டேட்டா என்ட்ரி’ என்று இருக்கிறது. நாலு ஊர்க் கம்ப்யூட்டர்களையும் ஒன்றோடொன்று பேச வைப்பது இவர்தான் என்பதற்கு அந்தப் பதிவேட்டில் ஒரு கட்டமும் இல்லை. ஊசி குத்தின இடத்தில் ஒட்டுகிற பிளாஸ்திரியைக் கிழித்து வயர்களில் சுற்றி, நீல மையில் நம்பர் எழுதி வைத்திருக்கிறார். "என்னங்க, அடிபட்ட வயரா?" என்று, அங்கே சர்க்கரை பார்க்கப் போகிற நான் கேலி செய்தேன். "எல்லாமே அடிபட்டதுதான் சார்" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

மெஷின்களோடு அவருக்கு வாடா போடாதான். "ஏன்டா உசுர வாங்குற?" என்று அவற்றிடம் கேட்பது வரவேற்பறை வரைக்கும் கேட்கும். சென்னையிலிருந்து போன் வந்தால் அதே வாயில் வார்த்தைக்கு வார்த்தை ‘சார்’. எதிர்முனையில் பேசுகிறவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

முகவரி விஷயத்தில் ஆள் கண்டிப்பு. "மேலத்தெருங்க" என்று யாராவது சொன்னால் எழுத மாட்டார். "எந்த ஊரு மேலத்தெரு? ஊரு, தபாலு, தாலுக்கா எல்லாம் சொல்லுங்க." முணுமுணுப்பார்கள். அசைய மாட்டார். அந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு திங்கட்கிழமைதான் புரிந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இந்த லேபின் தலைமை அலுவலகம் சென்னையில் இருக்கிறது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் அங்கேதான் மெடிக்கல் ரிப்போர்ட் கேட்கும். காகிதத்தில் சீல் குத்திக் கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள், போலி ரிப்போர்ட்டுகள் உலவுகின்றனவாம். ஆனால் ரிப்போர்ட் இருப்பது திருவாரூர்க் கம்ப்யூட்டரில். அதன் சார்பில் சென்னையில் ஒரு பதிலாள் உட்கார்ந்திருக்கிறது. பிராக்ஸி என்கிறார்கள். அதனிடம் கேட்டால் திருவாரூரைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொல்லும். கேட்கிறவருக்கு எல்லாம் பக்கத்து அறையில் இருப்பது போலவே தோன்றும். பதிலாளுக்குச் சொந்தமாக ஒன்றும் தெரியாது. தன் ஆள் எந்த முகவரியில், எந்த வாசலில் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். அதற்கு எண்ட்பாயிண்ட் என்று பெயர். அந்த முகவரியைத் தினமும் காலையில் திருவாரூர்க் கம்ப்யூட்டரே சென்னைக்குச் சொல்லிவிடும்.

இங்கேதான் வில்லங்கம். ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு முகவரி. லேபுக்குள் புழங்க ஒன்று, வெளியூரிலிருந்து கூப்பிட ஒன்று. உள்முகவரி நம் மேலத்தெரு மாதிரி. மேலத்தெரு இல்லாத ஊர் இந்த ஜில்லாவில் உண்டா? ஊர்ப்பெயர் இல்லாமல் ‘மேலத்தெரு, பத்தாம் நம்பர்’ என்று சொல்லி அனுப்பினால், போகிறவன் தன் ஊர் மேலத்தெருவிலேயே யார் வீட்டுக் கதவையாவது தட்டுவான். அதனால் ‘சென்னைக்கு வெளிமுகவரியைத்தான் சொல்’ என்று கம்ப்யூட்டர் படிக்கும் பைலில் ஒரு வரி எழுதி வைத்திருந்தார் பாத்திமா மேரி. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிராட்பேண்ட் வந்த புதிதில் நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு அவரே கண்டுபிடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக் கம்ப்யூட்டர் பிரிவு அந்தப் பைலை எடுத்துவிட்டுத் தன் பைலைப் போட்டது. ‘எல்லாக் கிளைக்கும் ஒரே மாதிரி’ பைலாம். அதில் பாத்திமா மேரியின் வரி இல்லை. முதலில் திருவாரூர். கையோடு பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கு வைரக்கண்ணு வந்து நின்றார். முப்பது வயதிருக்கும். கத்தாரில் கட்டட வேலை, விசா தயார். பகல் பன்னிரண்டு மணிக்குள் சென்னையில் ரிப்போர்ட் தெரிந்தால் அன்றைய பட்டியலில் பெயர் ஏறும். ஏஜென்சிக்காரர் போனில் சொன்னாராம்: "லேபுல கேட்டாச்சு. அப்படி ஒரு பேரே இல்லேங்குறாங்க. போலிப் பேப்பரா வச்சிருக்க?"

"ரத்தம் குடுத்தேன், எக்ஸ்ரே எடுத்தீங்க, சீல் குத்தினீங்க. போலிங்குறான் மேடம்" என்று பிளாஸ்டிக் கவரில் இருந்த காகிதத்தை நீட்டினார் வைரக்கண்ணு. "குத்தகை நெலத்தையும் திருப்பிக் குடுத்துட்டேன். வேற ஆளு சம்பாவுக்கு நாத்து விட்டாச்சு."

நான் சர்க்கரை பார்க்கப் போனவன். வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. அன்று எனக்கு வந்த கோபத்தில் அந்த இரண்டாவது கணக்கு சரியாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

எட்டே முக்காலுக்கே சென்னைக்குப் போன் போட்டார் பாத்திமா மேரி. எடுக்க ஆளில்லை. பத்தரைக்கு ராஜ்குமார் என்கிற என்ஜினீயர் எடுத்தார். கம்ப்ளெயின்ட் நம்பர் வாங்கினீர்களா என்பதுதான் முதல் கேள்வி. நம்பர் வாங்க அரை மணி நேரம். பதினொன்றே காலுக்கு மறுபடி அவரே வந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டார் பாத்திமா மேரி.

"எங்க சைடு பக்காவா இருக்கு மேடம். உங்க மெஷின் கனெக்ட் ஆகுது. ‘பெயர் இல்லை’ன்னு பதில் சொல்லுது. நீங்க ரிப்போர்ட்டை ஏத்தாம விட்டிருப்பீங்க."

"ஏத்தியிருக்கேன் சார். என் கண்ணு முன்னாடி இருக்கு. நீங்க எந்த நம்பருக்குக் கூப்பிடுறீங்க? படிச்சுச் சொல்லுங்க."

படித்தார். ஒன் நைன்டி டூ என்று ஆரம்பித்ததுமே பாத்திமா மேரி கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், அது உள்முகவரி. உங்க ஆபீஸ்லயும் அதே நம்பர்ல ஒரு மெஷின் இருக்கும். நீங்க சோதனைக்கு வச்சிருக்கீங்களே, அது. அதுதான் பதில் சொல்லுது. அதுக்கு வைரக்கண்ணுவ எப்படித் தெரியும்?"

"சும்மா கெஸ் பண்ணாதீங்க மேடம். டிப்ளமாதானே நீங்க?"

பாத்திமா மேரி மேசைக்கு அடியில் குனிந்து, பிளாஸ்திரி சுற்றின வயரைக் கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து உருவினார். "இப்பக் கூப்பிடுங்க சார்."

"கனெக்ட் ஆகுதே மேடம்."

"இன்னொரு தடவ."

"ஆகுது மேடம். அதே பதில்தான்."

"எங்க வயரு என் கையில இருக்கு சார்."

ரத்தம் எடுக்கிற பெண்கள் சிரித்தார்கள். வைரக்கண்ணு சிரிக்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றே முக்கால். பாத்திமா மேரி பாஸ்வேர்டு கேட்டார், தருவதற்கு ராஜ்குமார் மேலதிகாரியைக் கேட்க வேண்டுமாம். மேலதிகாரி மீட்டிங்கில் இருந்தாராம். எடுக்கும்போது யாரையும் கேட்காமல் எடுத்த ஒரு வரியைத் திரும்ப எழுத இத்தனை பேர் கையெழுத்து!

பாஸ்வேர்டு வந்தபோது பன்னிரண்டு முப்பத்தைந்து. அந்த ஒரு வரியை அடித்து, புரோகிராமை நிறுத்தி எழுப்ப அவருக்கு நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. "வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு ராஜ்குமார் போனை வைத்தார். நன்றி என்று ஒரு சொல் இல்லை. வைரக்கண்ணு தன் செல்போனில் ஏஜென்சியைக் கூப்பிட்டார். ரிப்போர்ட் இப்போது தெரிகிறதாம், ஆனால் இடம் போய்விட்டதாம். பன்னிரண்டு மணிக்கே வேறு ஆளை ஏற்றிவிட்டார்கள். அடுத்த பட்டியல் எப்போது என்று சொல்ல முடியாதாம்.

வைரக்கண்ணு காகிதத்தை மடித்துக் கவருக்குள் வைத்தார், வெளியே எடுத்தார், மறுபடி வைத்தார். இரண்டாவது ரத்தத்தைக் கொடுத்துவிட்டும் எனக்குக் கிளம்ப மனசு வரவில்லை.

ஒரு மணிக்கு ராஜ்குமாரே கூப்பிட்டார். குரலில் இப்போது குழைவு. ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம்.

"மேடம், மேல ஒரு ரிப்போர்ட் எழுதணும். திருவாரூர் லோக்கல் நெட்வொர்க் ப்ராப்ளம்னு போட்டுடறேன். நீங்களும் ஆமான்னு ஒரு மெயில் போட்டுடுங்க. அப்புறம் அந்தக் கஸ்டமர் அங்கதான் இருக்காரா? நம்ம சார்புல நீங்களே ஒரு சாரி சொல்லி அனுப்பிடுங்களேன்."

"மெயில் நடந்தத நடந்தபடி போடுவேன் சார்" என்றார் பாத்திமா மேரி. "சாரி மட்டும் உங்க சார்புல என்னால சொல்ல முடியாது. ஒரு நிமிஷம் இருங்க."

எழுந்தார். வைரக்கண்ணுவின் தோளைத் தொட்டுத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, ரிசீவரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.